வாங்க என்றொரு கட்டளை

செண்பகவல்லி எழுதியது மூன்றே வரிதான். அந்த மூன்று வரியால் ஒரு மனிதர் இரண்டு பேராகிப் போனார் என்பது தெரிய வருவதற்குப் பத்து மாதம் ஆனது.

செம்புலியாறு அணையில் ஞானதிரவியம் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் செயற்பொறியாளர். அந்த ஆற்றின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது கணையத்தில் கட்டி என்றார்கள். இந்த மனுஷரும் போய்விட்டால் மழைக்காலத்தில் யாரைக் கேட்பது என்று மேலிடத்துக்குக் கலக்கம் வந்துவிட்டது. ஒருவருடைய மூளையைப் பதிவெடுத்து கம்ப்யூட்டரில் ஓடவிடும் வித்தை அப்போதுதான் அரசு அலுவலகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. போன வருஷம் ஐப்பசியில் ஒரு குழு வந்து, அவர் தலையில் கம்பித்தொப்பியை மாட்டி, மூன்று நாள் உட்கார வைத்துப் பதிவெடுத்துக்கொண்டு போனது. கார்த்திகையில் அவர் காலமானார். தை மாதம் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார்.

வந்தவருக்குக் கண் கிடையாது, காது கிடையாது, குரல் கிடையாது. இருந்ததெல்லாம் ஓர் எடிட்டர். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் எல்லோரும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் சாதாரண எழுத்துத்திரைதான். அதற்குள் அவர் இருந்தார். அவர் முன்னால் ‘வெள்ள இயக்க விதிகள்’ என்ற கோப்பு எப்போதும் திறந்திருக்கும். எவ்வளவு மழைக்கு எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் அதில் எழுதுவார், அடிப்பார். ஓரத்தில் நாம் ஏதாவது கேட்டு எழுதினால் பதில் எழுதுவார்.

இனி நம்ம ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எடிட்டரை மூடுவதென்றால் படிவம் பதினான்கு நிரப்ப வேண்டும். ஓர் ஆளை அணைக்கிற காரியம் அல்லவா, அதனால் மூன்று கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து மாவட்டத் தலைமையிடத்தில் இருந்தது. ஆனால் எடிட்டரை நிறுத்தி வைப்பதற்கு எந்தப் படிவமும் இல்லை. இரண்டு பொத்தானை ஒருசேர அமுக்கினால் அவர் எழுதிக்கொண்டிருந்த வார்த்தையின் நடுவிலேயே அப்படியே நின்றுவிடுவார். எட்டு மணி நேரம் கழித்து எழுப்பினாலும் அவருக்கு இமை கொட்டின நேரம்கூட ஆகியிருக்காது. மிச்ச எழுத்தை எழுதி முடிப்பார். ஆகவே கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் முடிந்தால் நிறுத்துவார்கள், சாப்பிடப் போனால் நிறுத்துவார்கள். மூடினவர் ஒருவரும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. அடுத்த ஷிப்டுக்கு வருபவருக்கு அவர் நிறுத்தப்பட்டு இருக்கிறாரா, மூடப்பட்டுவிட்டாரா என்று தெரியாது. எழுப்புவதற்கு ஒரு கட்டளை, புதிதாகத் திறப்பதற்கு வேறொரு கட்டளை. தெரியாத்தனமாகப் புதிதாகத் திறந்துவிட்டால் பதிவெடுத்த நாளில் இருந்த ஞானதிரவியம் வந்து நிற்பார், ஒன்றும் தெரியாமல். அதனால்தான் கணினிப் பிரிவில் தனியாளாக இருந்த செண்பகவல்லி அந்த மூன்று வரியை எழுதினாள். நிறுத்தி வைத்த எடிட்டர் இருக்கிறதா பார். இருந்தால் எழுப்பு. இல்லாவிட்டால் புதிதாகத் திற.

கட்டளைக்கு அவள் முதலில் வைத்த பெயர் ‘வா’. கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் சுடலைமணி சண்டைக்கே வந்துவிட்டார்.

“முப்பத்தோரு வருசம் சர்வீஸ் போட்ட மனுசர வா போன்னு கூப்பிடச் சொல்லுதியாம்மா? நான் அவருகிட்ட அடி வாங்காத குறையா வேலை படிச்சவன். என் விரல் அடிக்காது.”

அன்றைக்கே ‘வாங்க’ என்று மாற்றினாள். அதன்பிறகு மூன்று ஷிப்டுக்காரர்களும் அந்த ஒரே இருக்கையில் உட்கார்ந்து, வாங்க என்று அடித்து, ஐயாவைக் கூப்பிட்டு வேலை பார்த்தார்கள்.

ஞானதிரவியத்தின் மனைவி ரஞ்சிதம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பதிவுக்குச் சம்மதம் கேட்டபோது ஒரு நிபந்தனை போட்டார். எந்த நேரத்திலும் ஒருத்தர்தான் ஓட வேண்டும் என்றார். சட்டமும் அதைத்தான் சொன்னது என்றாலும், தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார்.

“ரெண்டா ஆக்கி வச்சுக்கிட்டு, இதுல எது உம்புருசன்னு என்னைக் கேக்கக் கூடாது” என்று அப்போது வாய்விட்டும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள்.

ரஞ்சிதத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் கணவரோடு பேச அனுமதி, வியாழன் மூன்று மணிக்கு. கட்டுப்பாட்டு அறைக்குள் வெளியாள் வர போலீஸ் பாஸ் வேண்டும். வாரா வாரம் ஒரு வயசான பெண்மணியை பாஸுக்கு அலைய விடுவானேன் என்று கீழே பார்வையாளர் அறையில் இன்னொரு திரை வைத்துக் கொடுத்தாள் செண்பகவல்லி. அவள் செய்த நல்ல காரியம் அது. வினை அதில்தான் ஆரம்பித்தது.

முதல் வியாழக்கிழமை அவள்தான் அந்தத் திரையில் ‘வாங்க’ என்று அடித்துக் கொடுத்தாள். எடிட்டர் திறப்பதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை வந்தது. இந்தக் கோப்பை வேறொருவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கிறார், அல்லது முன்பு திறந்தது பாதியில் அறுந்து போயிருக்கிறது என்றது. அன்று காலையில்தான் கரண்ட் போய் வந்திருந்தது. கரண்ட் போனால் இந்த எச்சரிக்கை வருவது சகஜம். நூறு தடவை பார்த்திருக்கிறாள். டீச்சர் பயந்துவிடக் கூடாதே என்று, இனிமேல் அந்த எச்சரிக்கையைக் காட்டாதே என நாலாவதாக ஒரு வரியையும் சேர்த்து வைத்தாள்.

அதோடு சேர்த்து நாற்பத்தொரு வியாழக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போயிற்று.

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள். பார்வையாளர் அறையிலிருந்து வெளியே வந்த ரஞ்சிதம், குடையை மடக்கியபடி செண்பகவல்லியின் மேஜை முன்னால் நின்றார்.

“ஏ பிள்ள, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. அவருக்கு வேலையே குடுக்க மாட்டியளா?”

“என்ன டீச்சர் சொல்லுதீங்க? அவரில்லாம இங்க ஒரு மதகு தெறக்க மாட்டாங்க.”

“இத்தன நாளும் வாயத் தெறக்கல, கௌரவம். இன்னைக்குத்தான் கேட்டாரு. என்னை எழுப்புததே நீ வந்தா மட்டுந்தானா, அணைக்கு நான் வேண்டாதவனாப் போயிட்டனாங்காரு. சமாதானம் சொல்லலாம்னு, ஆனி மாசம் மூணாவது ஷட்டர மாத்தினாங்கள்லா, அது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டேன். மாத்தினாங்களாங்காரு. எனக்கு மனசு கேக்கல.”

செண்பகவல்லி கையில் பிடித்திருந்த பேனாவைக் கீழே வைத்தாள். மூன்றாவது ஷட்டர் மாற்றினதற்கு விதி எழுதினதே அவர்தான். ஆறு பக்கம் எழுதினார். அச்செடுத்து மேலிடத்துக்கு அனுப்பியது அவளேதான்.

“நான் பாக்கேன் டீச்சர்” என்று மட்டும் சொன்னாள்.

படியேறிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். சுடலைமணி இருந்தார். திரையில் ஞானதிரவியம் ஏதோ பழைய மழை அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். செண்பகவல்லி ஓரத்தில் எழுதினாள்: “ஐயா, டீச்சர் உங்களைப் பார்க்க வந்தார்களா?”

திரையில் பதில் வந்தது. “நீங்களுமாம்மா? சுடலைமணிதான் வாரந்தவறாம வந்துட்டுப் போறாங்கன்னு பொய் சொல்லிட்டிருந்தான். பத்து மாசமாச்சு. ஒரு நாள் வரல. மக யூனிஸ் விசயத்துல நான் பேசின பேச்சுக்கு அவ வராம இருக்கது நியாயந்தான். வரலைன்னா வரலைன்னு சொல்லுங்க. எனக்கு ஆறுதல் வேண்டாம்.”

“அண்ணாச்சி, இவரு இப்படிக் கேட்டத எங்கிட்டச் சொல்லவே இல்லையே?” என்றாள் சுடலைமணியிடம்.

“வயசாச்சுன்னா மறதி வரும்லாம்மா. நான் அதைப் போயி என்னத்தச் சொல்லிக்கிட்டு.”

பதிவெடுத்த மனிதருக்கு வயசு ஏறாது என்பதை அவருக்கு விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை. கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டு தன் மூன்று வரியைத் திறந்து பார்த்தாள். ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது. நிறுத்தி வைக்கப்பட்டவர் இருக்கிறாரா என்று அது தேடியது அந்தந்த இருக்கையில், அந்த ஒரு திரையில் மட்டும். மாடியில் நிறுத்தி வைக்கப்பட்டவர் கீழேயுள்ள திரைக்குத் தெரியவே மாட்டார். முதல் வியாழக்கிழமை கீழே ஆள் இல்லை என்று முடிவு கட்டி, புதிதாக ஒருவரைத் திறந்துவிட்டிருந்தது. அன்றைக்கு வந்த எச்சரிக்கை கரண்ட் போனதால் வந்தது அல்ல. உண்மையைத்தான் சொன்னது. அவள்தான் அதன் வாயைக் கட்டினாள்.

ஆக, மாடியில் ஒரு ஞானதிரவியம். அவருக்கு வேலை உண்டு, மனைவி இல்லை. கீழே ஒரு ஞானதிரவியம். அவருக்கு மனைவி உண்டு, வேலை இல்லை. வாரத்துக்கு வாரம் நிறுத்தி எழுப்பியதில், அவர் கணக்குப்படி ரஞ்சிதம் நாற்பத்தொரு மணி நேரமாக மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் அநியாயம் செய்தது தான்தான் என்பதில் செண்பகவல்லிக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

யூனிஸ் விஷயம் அந்த அணையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் கீழே பனையடிக் குடியிருப்பில் பதினோரு பேர் செத்துப் போனார்கள். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். ஞானதிரவியத்தின் மகள் யூனிஸ் நீரியல் படித்தவள். கமிஷன் முன்னால் போய் நின்று, ஷட்டரை இரண்டு மணி நேரம் முன்பே திறந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அப்பா பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கமிஷன் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் மகள் இனி வீட்டுப் படியேறக் கூடாது என்று ஞானதிரவியம் சொல்லிவிட்டார். சாகக் கிடந்தபோதும் வர விடவில்லை. அடக்கத்தன்று அவள் சர்ச் காம்பவுண்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுவிட்டுப் போனதை சுடலைமணி பார்த்திருக்கிறார். ரஞ்சிதம் வியாழன்தோறும் வருவதே அந்த ஒரு காரியத்துக்காகத்தான். மகளோடு ஒரு தடவை பேசச் சொல்லி அவரை இளக்குவதற்கு.

அணைப் பொறுப்பில் இருந்த உதவிச் செயற்பொறியாளர் ஆறுமுகநயினார் விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரெண்டையும் ஒண்ணாச் சேக்க முடியாதாம்மா?”

“ரெண்டு பேரு எழுதின எழுத்த ஒண்ணாச் சேக்கலாம் சார். ரெண்டு ஆள ஒண்ணாச் சேக்க முடியாது.”

“சட்டம்?”

“ரெண்டு பேருன்னு தெரிஞ்சா ஏழு நாளைக்குள்ள ஒருத்தர மூடணும். யாரன்னு குடும்பத்துல உள்ளவங்க சொல்லணும்.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மேற்கே மலை இருந்த இடமே தெரியவில்லை. புதன்கிழமை கனமழை என்று எச்சரிக்கை வந்திருந்தது.

“விதிப்புத்தகம் முடியுத நேரம். மேல உள்ளவரு இல்லாம முடியாது. கீழ உள்ளவர சத்தமில்லாம மூடிருவோம். அடுத்த வியாழக்கிழமை டீச்சர மேல உள்ளவருகிட்டப் பேச விடு. அவருக்கு, பொஞ்சாதி வர ஆரம்பிச்சுட்டான்னு சந்தோசமாப் போயிரும். டீச்சருக்கு, கம்ப்யூட்டர்ல கொஞ்சம் மறந்துட்டாருன்னு ஆயிரும். யாருக்கு நட்டம்?”

“நாப்பத்தோரு வியாழக்கிழமை சார்.”

“புரியுதும்மா. நான் கெட்டவன் இல்ல. படிவம் நான் போடுதேன், உன் பேரு எங்கேயும் வராது.”

அவர் கெட்டவர் இல்லைதான். அதனால்தான் செண்பகவல்லிக்கு உடனே மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. தன் பெயர் எங்கேயும் வராது என்ற வார்த்தை காதில் இனித்ததையும் மறைப்பதற்கில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அதை நினைத்துப் பார்த்தாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

ரஞ்சிதம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செண்பகவல்லி எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். மூன்று வரி, நாலாவது வரி, கரண்ட், எச்சரிக்கை, மாடியில் இருப்பவர் பத்து மாதமாகக் கேட்டுக்கொண்டிருப்பது, எல்லாம். ரஞ்சிதம் கடைசிவரை கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் வரவே இல்லைன்னா நினைச்சுக்கிட்டிருக்காரு?”

“ஆமா டீச்சர்.”

“எது உம்புருசன்னு என்னைக் கேக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கினேனே.” இப்போது கீரையைக் கீழே வைத்தார். “படிச்ச பிள்ளதானே நீ? எல்லாரும் படிச்சவங்கதானே?”

செண்பகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். மன்னிப்புக் கேட்டாள். அது எவ்வளவு சின்னது என்று அவளுக்கே தெரிந்தது.

பிறகு ரஞ்சிதம் சொன்னார். “நான் சொல்ல மாட்டேன். அவரையே கேளு. ரெண்டு பேரையும், ஒரே நேரத்துல. பரீட்சை ஹால்ல எட்ட எட்ட உக்கார வைக்கமாட்டோமா, அது மாதிரி. ஒருத்தர் எழுதுதது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. யாரு இருக்கணும்னு அவங்களே சொல்லட்டும்.”

முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நின்றவர் அவர். அந்த யோசனையில் இருந்த ஓட்டை அவருக்கும் தெரியவில்லை, செண்பகவல்லிக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு திரையிலும் ஒரே பத்தியைப் போட்டாள். நடந்தது இன்னது, தப்பு என்னுடையது, ஒருவர்தான் இருக்க முடியும், டீச்சர் தீர்ப்புச் சொல்ல மாட்டேன் என்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்க்கிறேன் என்று எழுதினாள். யாரும் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று சுடலைமணியையும் வெளியே அனுப்பினாள். வராந்தா பெஞ்சில் டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேன்டீன் டீ வந்தது, ஆறியது.

பதினொரு மணிக்குக் கீழே திரையில் எடிட்டர் இல்லை. வெறும் கறுப்புத் திரையும் கட்டளைக்குக் காத்திருக்கும் குறியும்தான் இருந்தன.

சேமித்துவிட்டு வெளியேறும் கட்டளையை அவரே அடித்திருந்தார். படிவம் பதினான்கு மற்றவர்களுக்குத்தான். தன்னைத் தானே மூடிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்திலேயே அவருக்கு உண்டு. அவர் அதைப் பயன்படுத்துவார் என்று ஒருவரும் நினைக்கவில்லை. செண்பகவல்லி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி மாடிக்கு ஓடினாள். சுடலைமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஐயா போயிட்டாரும்மா” என்றார்.

மாடியிலும் கறுப்புத் திரை.

ஒரே ஆளிடம் ஒரே கேள்வியைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். இது அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இரண்டு பேரும் மற்றவருக்கு இடம் விட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டு கோப்புகள் இருந்தன. மாடியில் இருந்தவர் விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை முடித்து, மேலே நாலு வரி எழுதியிருந்தார்.

“கீழே இருக்கிறவருக்கு. விதிகள் முடிந்தன. இனி இதைப் படித்து யாரும் செய்யலாம், நான் தேவையில்லை. ரஞ்சிதம் வருகிற ஆள் நீர், நீரே இரும். அவள் வந்தாள் என்று தெரிந்ததே எனக்குப் போதும். இருபத்தேழாம் விதியை மட்டும் ஒரு தடவை வாசித்துக்கொள்ளும்.”

இருபத்தேழாம் விதி இப்படி இருந்தது. “மலையில் மூன்று மணி நேரத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் மழை பதிவானால், நீர்மட்டம் உயரும் வரை காத்திராமல் நான்கு ஷட்டர்களையும் உடனே திறக்க வேண்டும். குறிப்பு: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இவ்விதி இருந்திருந்தால், ஷட்டர்கள் இரண்டு மணி ஐந்து நிமிடம் முன்னதாகத் திறக்கப்பட்டிருக்கும். பொறுப்பு அன்றைய செயற்பொறியாளருடையது.”

பத்து மாதம் பழைய மழை அளவுகளை ஏன் புரட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் செண்பகவல்லிக்குப் புரிந்தது.

கீழே இருந்தவர் எழுதியது நீளமானது. மாடியில் இருப்பவர் தெரிந்துகொள்ளட்டும் என்று, ரஞ்சிதம் சொன்னதையெல்லாம் வாரம் வாரமாக எழுதியிருந்தார். மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகினது, முழங்கால் வலிக்குப் புது மருந்து, எல்லாவற்றுக்கும் நடுவே யூனிஸ், யூனிஸ், யூனிஸ். கடைசியில் இப்படி முடித்திருந்தார்: “மழை வருகிற நேரம், அணைக்குத் தெரிந்தவர் நீர்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். யூனிஸ் வரட்டும். கமிஷனில் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு மேல் கேட்க மாட்டேன். இவ்வளவு தூரம் நான் இறங்கி வந்ததே ரஞ்சிதத்தின் சாமர்த்தியம்.”

செண்பகவல்லி வாசித்துக் காட்ட, ரஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதார். “ஒருக்க அடக்கம் பண்ணினேன். இப்ப ரெண்டு பேரையும் சேத்து அனுப்பியாச்சு” என்றார்.

ஆறுமுகநயினார் தயங்கித் தயங்கிக் கேட்டார். “புதுசாத் தெறக்கலாம்லா?”

“தெறக்கலாம் சார். தொப்பி மாட்டின நாள்ல இருந்தவரு வருவாரு. மகள் பேரைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கிடுதவரு.”

ரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வேண்டாம் என்பார் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள்.

“மேல கூட்டிட்டுப் போ. நான் கூப்பிடுதேன்.”

பாஸ் இல்லை என்பதை ஆறுமுகநயினார் ஞாபகப்படுத்தவில்லை. செண்பகவல்லி முதலில் கட்டளையைத் திருத்தினாள். இனி அது அணையில் உள்ள எல்லா இருக்கைகளிலும் தேடும். நாலாவது வரியை அடித்துப் போட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட, ரஞ்சிதம் உட்கார்ந்து ஒற்றை விரலால் ‘வாங்க’ என்று அடித்தார்.

“தொப்பியைக் கழத்தலாமா? தலை அரிக்குது” என்றது திரை.

“கழத்தியாச்சு. நான் ரஞ்சிதம்.”

“யாரு டைப் அடிக்கது, நீயா? ஏன் இவ்வளவு நேரம் எடுக்குது?”

“ஒத்த விரல்லதான் அடிக்க வருது. பதிவெடுத்து ஒரு வருசம் ஆயாச்சு. நீங்க இப்ப இல்ல. ரெண்டு கோப்பு இருக்கு, ரெண்டும் நீங்க எழுதினதுதான். வாசிங்க, அப்புறம் பேசுவோம்.”

அவர் வாசிப்பது திரையில் தெரிந்தது. எழுத்து விழும் இடத்தைக் காட்டும் கோடு ஒவ்வொரு வரியாக இறங்கியது. விதிப்புத்தகத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, இருபத்தேழாம் விதிக்கு வந்ததும் நின்றது. அதன்கீழேயே பழைய மழை அளவுகள் எல்லாம் அட்டவணையாக இருந்தன. கோடு ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக்கொண்டு போய், திரும்ப மேலேறி, மறுபடியும் இறங்கியது. சுடலைமணி ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“கணக்கு சரியாத்தான் இருக்கு” என்று எழுதினார்.

அப்புறம் கடிதத்துக்குப் போனார். தொட்டி, மருந்து, யூனிஸ் என்று எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்கு வந்து நின்றார்.

“இதை நான் எழுதியிருக்க மாட்டேன்” என்றார். கோடு அந்த வரிமேல் ஒரு தடவை போய் வந்தது. “என் கை மாதிரிதான் இருக்கு.”

ரஞ்சிதம் பதில் அடிக்க விரலைக் கொண்டு போனார். செண்பகவல்லி அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதர் மற்றவர் சொல்லி எதையும் மாற்றினவர் இல்லை. ஆனால் தான் எழுதினது சரியாக இல்லை என்றால், பத்து வருஷத்துக் கோப்பாக இருந்தாலும் எடுத்துத் திருத்தாமல் விட்டதும் இல்லை.

கோடு நகர்ந்தது. “அதற்கு மேல் கேட்க மாட்டேன்” என்பதன் கடைசி எழுத்தில் போய் நின்று, பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழிக்கத் தொடங்கியது. அந்த வாக்கியம் போனது. அதற்கு முந்தின வாக்கியமும், கமிஷன், தப்பு, ஒரு வார்த்தை எல்லாமும் போயின. “யூனிஸ் வரட்டும்” என்ற இடத்தில் நின்றுவிட்டது.

கோப்பு சேமிக்கப்பட்டது.

“இப்ப சரியா இருக்கா டீச்சர்?” என்று ஞானதிரவியம் திரையில் கேட்டார்.

ரஞ்சிதம் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்து மகளின் எண்ணைத் தேடினார். எண் அகப்படவில்லை. போனை செண்பகவல்லியிடம் கொடுத்து, “நீயே போடு பிள்ள” என்றார். வெளியே மழை விழ ஆரம்பித்திருந்தது. மலையிலிருந்து முதல் அளவு வந்ததை சுடலைமணி சத்தமாகப் படித்தார், இரண்டு சென்டிமீட்டர். ஷிப்ட் முடிகிற நேரம் என்பதால் அவர் கை பழக்கதோஷத்தில் நிறுத்தும் பொத்தான்களை நோக்கிப் போனது.

“வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் செண்பகவல்லி. “யூனிஸ் வார வரைக்கும் ஓடட்டும்.”